சாக்பீஸ் வட்டம்

காலை எட்டே முக்கால். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் முதல் மாடி. ஓவர்லாக் மிஷின் வரிசைக்கும் பேட்லாக் மிஷின் வரிசைக்கும் நடுவே, தரையில் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டிருந்தது. ஓர் ஆள் நிற்கலாம், உட்கார முடியாது. அதற்குள் முதலாளியின் மகன் நின்றுகொண்டிருந்தான். எம்.பி.ஏ. முடித்துக் கம்பெனிக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. கையில் போன் இல்லை. அதை ஆலோசகர் சார் வாங்கித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "பதினோரு மணி வரைக்கும் நில்லுங்க தம்பி. பாருங்க. ஒண்ணும் செய்ய வேண்டாம்," என்று சொல்லிவிட்டுக் கீழே போய்விட்டார்.

நான் போயிருந்தது வேறு வேலையாக. ஆடிட்டர் ஆபீஸ் ஆள் நான். மார்ச் முடிகிற சமயத்தில் இந்த மாதிரிப் பதினைந்து இருபது கம்பெனிகளுக்குப் போய்ச் சரக்கு எண்ணி எழுதி வர வேண்டும். குடோன் சாவி வைத்திருப்பவர் மச்சினன் வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தார். "இப்ப வந்துருவாருங்க" என்றார்கள். ஜன்னலோரம் ஒரு துணி ரோலின் மேல் உட்கார்ந்தேன். ஒன்பது வருஷமாக இந்தக் கம்பெனிக்கு வருகிறேன். எண்ணியிருக்கிறேனே ஒழிய, உட்கார்ந்து பார்த்ததில்லை.

கொஞ்ச நேரத்தில் முதலாளி படியேறி வந்தார். ஒரு காலத்தில் தானே கத்தரி பிடித்துக் கட்டிங் போட்டவர். வட்டத்துக்குள் மகன் நிற்பதைப் பார்த்ததும் முகம் சுருங்கிவிட்டது.

"ஏன் கண்ணு, என்ன தப்புப் பண்ணுனே?"

"தப்பெல்லாம் இல்லீங்ப்பா. பாக்கச் சொன்னாருங்."

"எதைய?"

"அதைச் சொல்லலீங்."

முதலாளியும் சுற்றிலும் ஒருமுறை பார்த்தார். மிஷின் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. எல்லோரும் குனிந்து தைத்துக்கொண்டிருந்தார்கள். அவர் கண்ணுக்கு ஒரு குறையும் தட்டுப்படவில்லை. தலையை ஆட்டிக்கொண்டே இறங்கிப் போனார். டெய்லர் பெண்கள் இரண்டு பேர் பீஸை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துச் சிரித்தார்கள்.

வட்டம் சாரின் சொந்தச் சரக்கு இல்லை. டொயோட்டாவில் தாயீச்சி ஓனோ என்று ஒருவர் இருந்தார். புதிதாக வந்த எஞ்சினியரைத் தொழிற்சாலைக்குள் கூட்டிப்போய், தரையில் வட்டம் போட்டு, அதற்குள் நிறுத்திவிட்டுப் போய்விடுவாராம். மணிக்கணக்கில் கழித்து வந்து, "என்ன பார்த்தாய்?" என்பார். பதில் பிடிக்கவில்லையென்றால் இன்னும் நிற்க வேண்டியதுதான். அவரிடம் அடிபட்டவர்கள் சொல்லிச் சொல்லி இது உலகம் முழுக்கப் பரவிவிட்டது. ஓனோ 1978இல் எழுதிய புத்தகத்தின் ஆங்கிலப் பதிப்பு எங்கள் ஆபீஸ் அலமாரியில் கிடக்கிறது. யாரோ ஒரு கட்சிக்காரர் ஒரு தீபாவளிக்கு இனிப்புப் பெட்டியோடு சேர்த்துக் கொடுத்தது. இனிப்பு அன்றைக்கே தீர்ந்தது. புத்தகத்தை நான் ஒருவன்தான் பிரித்தேன்.

ஓனோவைக் கார்க்காரர் என்றே எல்லோரும் நினைக்கிறார்கள். அவர் 1932இல் வேலைக்குச் சேர்ந்தது டொயோடா குடும்பத்தின் நூற்பு நெசவு ஆலையில். பதினோரு வருஷம் நூலோடும் தறியோடும் இருந்துவிட்டு, 1943இல்தான் கார்ப் பக்கம் போனார். அந்தக் குடும்பத்துக்கு மூலவர் சகீச்சி டொயோடா, தச்சர் மகன். அவர் 1924இல் முடித்த தானியங்கித் தறியில் ஓர் இழை அறுந்தால் போதும், தறி தானாக நின்றுவிடும். அறுந்த இழையோடு கெஜக்கணக்கில் ஓடித் துணி பாழாகாது. தறிக்கு ஓர் ஆள் காவல் நிற்கவும் வேண்டாம். இந்தத் தறியின் உரிமையை 1929இல் இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ் விலை கொடுத்து வாங்கியது. ஆக நூலில் பிறந்த ஒரு யோசனை, காரில் ஏறி உலகத்தைச் சுற்றிவிட்டுத் திரும்ப நூல்காரர்களின் ஊருக்கு வந்திருக்கிறது. வந்த விருந்தாளி நம் பக்கத்து வீட்டுப் பிள்ளைதான் என்று இங்கே யாருக்கும் தெரியவில்லை.

ஒன்பதேகாலுக்கு சார் மேலே வந்து ஒரு காரியம் செய்தார். கட்டிங்கிலிருந்து வந்து இறங்கிய பண்டல்களில் ஒன்றை எடுத்தார். இருபது பீஸ், வெள்ளை. கட்டிங் வேஸ்ட்டில் கிழித்த நாடாவால் கட்டியிருந்தது. அதை அவிழ்த்துவிட்டு, பையிலிருந்து ஒரு சிவப்புத் துணி நாடாவை எடுத்துக் கட்டி, இருந்த இடத்திலேயே வைத்தார். பிறகு என்னிடம் வந்தார்.

"நீங்க சும்மாதானே உட்கார்ந்திருக்கீங்க. இந்தச் சிவப்பைக் கொஞ்சம் கவனிச்சுக்குங்க. எங்க போகுது, எங்க நிக்குது... டைம் மட்டும் எழுதினாப் போதும்."

சும்மா உட்கார்ந்திருப்பதும் அவர் கணக்கில் ஒரு விரயம் என்று பிறகுதான் தெரிந்தது. ஜோசியர் விரயத்துக்குப் பன்னிரண்டாம் வீடு ஒன்றைத்தான் கொடுக்கிறார். ஓனோ ஏழு கொடுத்திருக்கிறார். சாவிக்காக நான் காத்திருந்தது அதில் ஒன்று.

சிவப்பு நாடா ஒன்பது இருபதுக்குத் தோள் ஜாயிண்ட் அடிக்கிற டெய்லர் முன்னால் விழுந்தது. அங்கே ஏற்கெனவே பதினாலு பண்டல் கிடந்தது. பத்து நிமிஷத்தில் அதன் மேல் இன்னும் மூன்று விழுந்தது. அவர் மேலே இருப்பதை எடுத்துத் தைக்கிறார். மேலே தீரத் தீர மேலேயே புதிது வந்து விழுகிறது. முதலில் வந்தது அடியில் கிடக்கிறது. பந்திக்கு முதலில் வந்து உட்கார்ந்தவனுக்கு இலை போடாமல், கடைசியில் வந்தவனுக்குப் பாயசம் வரை ஆகிவிட்ட மாதிரி. டீ வந்துவிட்டுப் போன பிறகு, கட்டிங்கிலிருந்து வருவது கொஞ்சம் தட்டிய நேரத்தில் குவியல் கரைந்து சிவப்பு வெளியே தலை காட்டியது. நாடா அவிழ்ந்தது. இருபது பீஸுக்கும் தோள் அடிக்க ஏழு நிமிஷம். திரும்ப அதே நாடாவில் கட்டி இடது பக்கம் தள்ளினார். தள்ளிய இடத்திலிருந்து அடுத்த மிஷினுக்கு எட்டடி. அந்த எட்டடியைக் கடக்க இருபத்தைந்து நிமிஷம் ஆனது. கொண்டுபோகிற அக்கா அப்போது வேறு வரிசையில் இருந்தார்.

கழுத்து ரிப் அடிக்கிற இடத்தில் இன்னொரு குவியல். அங்கே ஒன்பது நிமிஷத் தையல். மத்தியானச் சோற்றுக்கு மிஷின் நின்றபோது மணி ஒன்று ஐந்து. சிவப்பு நாடா வந்து மூன்றே முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. அதில் ஊசி பட்ட நேரம் பதினாறு நிமிஷம்.

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தவர்களுக்கு இந்தக் கணக்கு புரியும். டாக்டர் மூன்று நிமிஷம், பெஞ்சு மூன்று மணி நேரம். இதில் எனக்கு உறுத்தியது வேறு. அந்த மாடியில் காலை முழுக்க ஒருவர்கூடச் சும்மா இருக்கவில்லை. முதுகு நிமிராமல் தைத்தார்கள். சும்மா கிடந்தது துணி. ஆள் குனிந்திருக்கிறாரா என்று பார்க்க எல்லா முதலாளிக்கும் தெரியும். துணி என்ன செய்கிறது என்று பார்க்க, படியேறி வந்த முதலாளிக்குத் தோன்றவில்லை. ஒன்பது வருஷமாக எனக்கும் தோன்றவில்லை.

இதற்கு நடுவே, பதினோரு மணிக்கு சார் வட்டத்துக்கு வந்தார்.

"என்ன பார்த்தீங்க தம்பி?"

"எல்லாருமே நல்லா வேலை செய்றாங்க சார்."

"இன்னும் அரை மணி நேரம் நில்லுங்க."

பையனின் முகத்தில் ரத்தம் ஏறியது. அந்த அரை மணி நேரத்தில்தான் அவன் உண்மையில் பார்த்தான் என்று நினைக்கிறேன். அதுவரை நின்றதோடு சரி. கோபம் வந்த பிறகு கண் கூர்மையாகிவிட்டது. சார் திரும்பி வந்தபோது, "அந்தக் கைமடி அக்கா இந்த அரை மணி நேரத்துல என்னைத் தாண்டி இருபத்தாறு தடவை நடந்துட்டாங்க. பதினொரு தடவை வெறுங்கையோட," என்றான். சார் ஒன்றும் சொல்லாமல் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

அந்த அக்காவுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். கைமடித்துக் கொடுப்பது, பண்டல் கட்டுவது, எடுத்துப்போய்ப் போடுவது, நூல் கோன் தீர்ந்தால் கொண்டுவருவது, டெய்லர் கத்தினால் ஓடுவது எல்லாம் அவர் வேலை. ஷிப்ட் சம்பளம். சார் ஒரு பெரிய தாளில் மிஷின்களைக் கட்டம் கட்டமாக வரைந்து, அந்த அக்கா நடந்த நடையை எல்லாம் கோடாக இழுத்தார். அரை மணி நேரத்துக்குள் தாள் கறுத்துப்போனது. "இதை நூடுல்ஸ் படம்னு சொல்லுவோம்," என்றார்.

கட்டிங் மாஸ்டர் எட்டிப் பார்த்துவிட்டு, "சந்தவைன்னு சொல்லுங்க சார்," என்றார். சந்தவை என்றால் சந்தகை, எங்கள் பக்கத்து இடியாப்பம். அதுதான் பொருத்தம். ஆரம்பமும் தெரியாமல் முடிவும் தெரியாமல் தட்டு நிறையக் கிடந்தது.

ஜப்பான்காரர்கள் விரயத்தை 'முடா' என்கிறார்கள் என்று சார் சொன்னபோதும் மாஸ்டர்தான் குறுக்கே விழுந்தார். "மொடாவுங்களா? அப்ப சரிதான். எவ்வளவு ஊத்துனாலும் நிறையாது." விரயம் குறைக்கிற இந்த முறைக்கு 'லீன்' என்று பெயர் வைத்தது ஜப்பான்காரர்கள் இல்லை. 1988இல் ஜான் கிராஃப்சிக் என்ற அமெரிக்கர் ஒரு கட்டுரையில் போட்ட சொல் அது. லீன் என்றால் கொழுப்பில்லாத உடம்பு. எங்கள் பக்கம் ஒருத்தரைப் பார்த்து "இளைச்சுட்டீங்களே" என்றால், வீட்டில் ஏதோ கஷ்டம் என்று விசாரிக்கிறார்கள் என்று அர்த்தம். அந்தச் சொல்லை மட்டும் அப்படியே ஆங்கிலத்தில் விட்டது நல்லதாகப் போயிற்று.

சாப்பாட்டுக்குப் பிறகு செக்கிங் மேசையில் குரல் உயர்ந்தது. ஒரு பெண் பீஸ் ஒன்றை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து மற்றவளிடம் காட்டினாள். உடம்புத் துணி ஒரு வெள்ளை, கழுத்து ரிப் ஒரு வெள்ளை. வெள்ளையில் என்ன வித்தியாசம் என்பவர்கள் திருப்பூரில் பிழைக்க முடியாது. ரிப் வேறு லாட்டில் சாயப்பட்டறையிலிருந்து வந்திருக்கிறது. எண்ணிப் பார்த்ததில் முந்நூற்று எண்பது பீஸ் ஆகிவிட்டிருந்தது. என் சிவப்பு நாடாவுக்கும் அதே ரிப்தானா என்று போய்ப் பார்த்தேன். தப்பித்திருந்தது. எனக்குச் சம்பந்தமே இல்லாத விஷயத்தில் ஒரு நிம்மதி.

சார் நேராகக் கழுத்து ரிப் அடிக்கிற பெண்ணிடம் போனார். அதட்டவில்லை. மெதுவாகத்தான் கேட்டார்.

"அம்மா, இது உங்களுக்கு முன்னமே தெரிஞ்சுதா?"

"காலைலயே தெரிஞ்சுதுங்."

"அப்பவே ஏன் நிறுத்தலை?"

அந்தப் பெண் அவரை நிமிர்ந்து பார்த்தாள். "நிறுத்துனா எனக்கு யாருங்க காசு தருவாங்க?"

பீஸ் ரேட். ஒரு கழுத்துக்கு இத்தனை பைசா. பீஸ் நல்லதா கெட்டதா என்று பார்த்துக்கொண்டிருக்கிற நேரத்துக்குப் பைசா கிடையாது. சகீச்சியின் தறி அறுந்த இழைக்கு நின்றது. நின்ற நேரத்துக்குத் தறிக்குச் சம்பளம் பிடிக்கவில்லை. டொயோட்டாத் தொழிற்சாலையில் வரிசை நெடுகத் தலைக்கு மேல் ஒரு கயிறு ஓடும். தப்பைக் கண்ட தொழிலாளி அதை இழுக்கலாம். மேஸ்திரி ஓடி வருவார், சரியாகவில்லை என்றால் மொத்த வரிசையும் நிற்கும். இந்தக் கயிற்றின் படத்தை எத்தனையோ வகுப்புகளில் காட்டுகிறார்கள். இழுத்தவனுக்கு அன்றைக்குச் சம்பளம் குறையாது என்பதைச் சேர்த்துக் காட்டுவதில்லை. கயிறு வாங்க நூறு ரூபாய் போதும். அந்தப் பெண்ணின் கேள்விக்குப் பதில் வாங்குவதுதான் செலவு.

சார் அதைக் குறித்துக்கொண்டார். நல்ல மனிதர். சென்னைப் பக்கம் வாகன உதிரிபாகத் தொழிலில் முப்பது வருஷம் இருந்தவர். பாடியில் சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவுக்கு 1998இல் தரத்துக்கான டெமிங் பரிசு வந்ததிலிருந்து அந்த வட்டாரத்தில் இப்படி ஒரு தலைமுறையே உருவாகியிருக்கிறது. ஓய்வு பெற்ற பிறகு ஊர் ஊராகப் போய்ச் சாக்பீஸ் வட்டம் போடுகிறார்கள். ஆனால் பாடியில் இருந்தது மாதச் சம்பளத் தொழிற்சாலை. இங்கே இருப்பது வேறு.

முதலாளிக்கு முந்நூற்று எண்பது பீஸ் பெரிய அதிர்ச்சியாக இல்லை. "நகைக்கடைல செய்கூலி சேதாரம்னு போட்டு நம்ம தலைல கட்டிர்றான். நாம பையர் தலைல கட்ட முடியுங்களா? அதுக்குத்தான் ஆர்டருக்கு மேல கொஞ்சம் சேர்த்து வெட்டிக்கறது," என்றார். அந்த வழக்கம் எல்லாக் கம்பெனியிலும் உண்டு. நூறு கேட்டால் நூற்று மூன்று, நூற்று ஐந்து வெட்டுவார்கள். தப்பில்லாமல் மிஞ்சினால் அதுவும் உபரி. உபரி காதர்பேட்டைக்குப் போகும். ரயில்வே ஸ்டேஷனுக்கு எதிர்ப்புறச் சந்துகளில் எக்ஸ்போர்ட் மிச்சம் மலையாகக் குவிந்து கிடப்பதைப் பார்க்காமல் யாரும் இந்த ஊரைப் பார்த்ததாகச் சொல்ல முடியாது. ஓனோவின் ஏழில் முதல் எதிரி தேவைக்கு மேல் செய்வது. இங்கே அதற்குத் தனியாக ஒரு பேட்டையே இருக்கிறது.

மூன்று மணிக்குச் சாவி வந்தது.

குடோனில் நான் எண்ணுகிற வரிசை எனக்கு மனப்பாடம். நூல் மூட்டை, துணி ரோல், எலாஸ்டிக், பாலிபேக், அட்டைப்பெட்டி. கடைசி அலமாரியின் கீழ்த்தட்டில் நாற்பதாயிரம் லேபிள். ஒரு ஐரோப்பிய பையரின் பெயர் போட்டது. அவர்கள் கடை மூடி ஆறு வருஷம் ஆயிற்று. ஒவ்வொரு மார்ச்சிலும் அதை எடுத்துத் தூசி தட்டி எண்ணி வைக்கிறேன். இந்த வருஷமும் நாற்பதாயிரம். ஒன்றும் குறையவில்லை, களவு போகவில்லை.

கணக்குச் சாஸ்திரம், வாங்கிய விலை அல்லது விற்கக்கூடிய விலை, எது குறைவோ அதைப் போடு என்கிறது. மூடிப்போன கடையின் லேபிளை யார் வாங்குவார்கள்? பூஜ்யம் போட வேண்டும். நான் பேனாவை எடுக்கும்போதெல்லாம் முதலாளி பக்கத்தில் வந்து நிற்பார். இந்த வருஷமும் வந்து நின்றார். அவர் பயம் லேபிளுக்காக இல்லை. கேஷ் கிரெடிட்டுக்காக. மாதாமாதம் பேங்குக்குச் சரக்குக் கணக்கு அனுப்ப வேண்டும். சரக்கையும் வர வேண்டிய பாக்கியையும் வைத்துத்தான் எவ்வளவு பணம் எடுக்கலாம் என்று பேங்க் நிர்ணயிக்கிறது. சரக்கு இளைத்தால் எடுக்கக்கூடிய பணமும் இளைக்கும். மேல் மாடியில் சார் எதைக் கொழுப்பு என்கிறாரோ, அதைக் கீழே நான் சொத்துப் பக்கத்தில் எழுதுகிறேன். அதைப் பார்த்துப் பேங்க் கடன் கொடுக்கிறது. ஒரே கட்டிடத்துக்குள் மூன்று பேரும் ஒரே மூட்டையைத்தான் பார்க்கிறோம்.

"சார்கிட்ட ஒண்ணு கேளுங்க," என்றார் முதலாளி, என்னவோ நான் தூது போக வந்தவன் மாதிரி. "2022 மே மாசம் நூல் விலை ஏறி ஊரே கடையடைச்சது. அன்னிக்கு என்ற குடோன்ல நூல் இருந்துது. அதனாலதான் ஆர்டரை முடிச்சேன். அதுவும் முடாவுங்களா?"

நான் கேட்கவில்லை. நான் அங்கே பேசுவதற்குப் போகவில்லை. ஆனால் அவர் பக்கத்துக்கு டொயோட்டாவிலேயே சாட்சி உண்டு. 1997 பிப்ரவரி 1ஆம் தேதி, ஐசின் என்ற உதிரிபாகக் கம்பெனியில் தீப்பிடித்தது. பிரேக்குக்கான ஒரு சின்ன வால்வு, பெரும்பாலும் அங்கே மட்டும்தான் செய்தார்கள். டொயோட்டாவிடம் இருப்பு சில மணி நேரத்துக்குத்தான். ஜப்பானில் இருந்த அதன் கார்த் தொழிற்சாலைகள் சில நாட்கள் நின்றே போயின. அதே கதைக்கு இன்னொரு பாதியும் இருக்கிறது. ஐசின் உதவி கேட்டதும் அக்கம்பக்கத்துக் கம்பெனிகள் எல்லாம் கைகொடுத்து அந்த வால்வைச் செய்யத் தொடங்கின. கார்ப் பாகமே செய்தறியாத பிரதர், நம் டெய்லர்கள் மிதிக்கிற மிஷின் செய்கிற அதே பிரதர், அதில் சேர்ந்தது. ஒரு வாரத்துக்குள் தொழிற்சாலைகள் ஓடத் தொடங்கின. இருப்பில்லாமல் நடத்துவதற்கு அப்படிப்பட்ட அக்கம்பக்கம் வேண்டும். நூல் ஆலையும் சாயப்பட்டறையும் பேங்கும் பையரும் நாளைக்கு என்ன செய்வார்கள் என்று தெரியாத ஒருவர் குடோனில் மூட்டை அடுக்குவதைப் பேராசை என்று என்னால் சொல்ல முடியவில்லை. லேபிளுக்குப் பூஜ்யம் போட்டேன். நூல் மூட்டைகளை மரியாதையோடு எண்ணினேன்.

ஐந்தரைக்கு முதல் ஷிப்ட் முடிந்து, அரை ஷிப்ட் தொடங்குவதற்கு முன்னால் டீ. சார் எல்லோரையும் கூப்பிட்டுச் சந்தவைப் படத்தைச் சுவரில் ஒட்டினார். பக்கத்தில் இன்னொரு தாள். அதில் மிஷின்கள் லாட வடிவில் வளைந்து நின்றன. தோள் அடித்தவர் கையை நீட்டினால் கழுத்து அடிப்பவர் எடுத்துக்கொள்ளலாம். இருபது இருபதாகக் கட்ட வேண்டாம், ஐந்து ஐந்தாகப் போகட்டும். ரிப் ஷேட் தப்பாக இருந்தால் ஐந்தாவது பீஸிலேயே மாட்டிக்கொள்ளும். நடை அநேகமாக இல்லை. அந்தத் தாளில் கோடு மிகவும் குறைவு. பார்க்க அழகாகக்கூட இருந்தது.

கைமடி அக்கா டீ கிளாஸோடு பின்னால் நின்றிருந்தார். முதல் தாளைப் பார்த்தார். இரண்டாவதைப் பார்த்தார்.

"நடக்கறது பூரா வீணுன்னா, நானு எதுக்குங்க சார்?"

யாரும் சிரிக்கவில்லை. சார் அவசரப்படாமல் சொன்னார்: "உங்களை யாரும் அனுப்ப மாட்டாங்கம்மா. நீங்க செக்கிங் கத்துக்குங்க. இனிமே ஒவ்வொரு மிஷின் பக்கத்துலயும் செக்கிங் வேணும்." அக்கா முதலாளியைப் பார்த்தார். முதலாளி டீ கிளாஸைக் கீழே வைக்க இடம் தேடினார்.

சார் சொன்னது பொய் இல்லை, வழக்கத்தில் உள்ளதுதான். 1950இல் டொயோட்டா திவாலாகும் நிலைக்குப் போய் ஆட்களைக் குறைத்தது. பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. சகீச்சியின் மகன், கம்பெனியைத் தொடங்கிய கீச்சிரோ, அதற்குப் பொறுப்பேற்றுத் தலைவர் பதவியை விட்டு இறங்கினார். இனி ஆளை அனுப்புவதில்லை, பதிலுக்கு வேலைமுறையை மாற்ற ஒத்துழைப்பது என்ற பேச்சு அந்தக் காயத்திலிருந்து வந்தது. அந்தப் பேச்சு எல்லோருக்கும் எட்டவில்லை என்பதற்கும் சாட்சி உண்டு. சதோஷி கமதா என்ற பத்திரிகையாளர் 1972இல் டொயோட்டாவில் ஆறு மாதத் தற்காலிகத் தொழிலாளியாகச் சேர்ந்து, அந்த வரிசையின் வேகத்தில் உடம்பு என்ன ஆகிறது என்று நாட்குறிப்பாக எழுதினார். ஓனோவின் புத்தகத்துக்கு ஐந்து வருஷம் முன்னால் வந்த புத்தகம். அதையும் யாராவது ஒரு தீபாவளிக்குக் கொடுத்தால் தேவலை.

முதலாளி கடைசியில் ஓர் இடம் கண்டுபிடித்து கிளாஸை வைத்துவிட்டு, "பாக்கலாம்," என்றார். அது யாருக்குச் சொன்ன பதில் என்று தெரியவில்லை.

ஏழு மணிக்கு வாசலில் ஒரு குட்டி யானை வண்டி வந்து நின்றது. வேஸ்ட் வியாபாரி. காலையிலிருந்து அந்தக் கம்பெனியில் நான் பார்த்த வேலைகளில் இதுதான் திருத்தமாக நடந்தது. கட்டிங் வேஸ்ட் மூட்டை மூட்டையாகக் கீழே இறங்கியது. வெள்ளை தனி, கலர் தனி, கலரில் அடர்த்தி தனி, வெளிர் தனி. எலாஸ்டிக் கலந்தது தனி. ஒவ்வொரு மூட்டையையும் அவர் அவிழ்த்துக் கையை உள்ளே விட்டுக் கிளறிப் பார்த்தார். தராசு வந்தது. முதலாளியே வந்து நின்றார். முந்நூறு கிராமுக்கு ஒரு வாக்குவாதம். கோணி எடை எவ்வளவு கழிப்பது என்று இன்னொரு வாக்குவாதம். பெரிய வெட்டுத்துண்டு துடைக்கிற துணியாக ஒர்க்‌ஷாப்புகளுக்குப் போகும். மற்றதை அரைத்துப் பஞ்சாக்கி, ஓபன் எண்ட் மில்லில் திரும்ப நூலாக்குவார்கள். கலர் பிரித்துக் கொடுத்தால் அந்த நூலுக்குத் திரும்பச் சாயம் போட வேண்டியதில்லை. ஆற்றில் சாயக்கழிவு விட்டதற்காக 2011இல் கோர்ட் உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடியதை நினைத்தால், நொய்யல் ஆற்றுக்கு அது எவ்வளவு பெரிய உபகாரம் என்று தெரியும். வேஸ்ட் என்று பெயர் வாங்கிய பொருளுக்கு இந்தக் கட்டிடத்தில் தராசு இருக்கிறது, விலை இருக்கிறது, வாங்க ஆள் வண்டியோடு வருகிறது. காலையில் பண்டலுக்குள் கிடந்த மூன்றரை மணி நேரத்தை எந்தத் தராசில் வைப்பது?

நான் மேலே போய், வேலையிலிருக்கும் சரக்கு என்ற தலைப்பில் மிஷின் மிஷினாகப் பண்டல் எண்ணிக்கொண்டிருந்தேன். சிவப்பு நாடா பேட்லாக்கில், அடிமடிப்புக்கு வந்து சேர்ந்திருந்தது. ஒன்று என்று எழுதிக்கொண்டேன். எழுதி முடிப்பதற்குள் அந்த டெய்லர் நாடாவை அவிழ்த்துக் கீழே போட்டுவிட்டுத் தைக்க ஆரம்பித்தார். அக்கா கூட்டிக்கொண்டு வந்தார். சாக்பீஸ் வட்டத்தின் மேலும் விளக்குமாறு போனது. பாதி அழிந்தது. பெருக்கியதையும் நாடாவையும் சேர்த்து அள்ளி, கீழே இறங்க வேண்டிய கடைசி வெள்ளை மூட்டையில் போட்டார்.

வாசலில் வியாபாரி அந்த மூட்டையைக் கிளறும்போது நின்றுவிட்டார். சிவப்பு நாடாவை இரண்டு விரலால் இழுத்து வெளியே எடுத்தார்.

"அக்கோவ், வெள்ளைல சிவப்பு விழுந்துருக்குதுங். இது ஒண்ணு போதும், மூட்டையே ரிஜெக்ட் ஆயிரும்."

அக்கா வாங்கி, கலர் மூட்டையின் வாயைப் பிரித்து உள்ளே திணித்துத் திரும்பக் கட்டினார். அந்த மூட்டையை இன்னொரு முறை தராசில் ஏற்றினார்கள்.